தோல் இல்லாத தாளம்

தமிழ்நாடும் கேரளமும் ஒட்டிக்கிடக்கும் பனச்சமூடு வட்டாரத்தில் திருவிழா என்றால் இரண்டு தாளங்கள். மாலையில் தோள் வலிக்க அடிக்கும் செண்டை. இரவு கானமேளா மேடையில், அடிக்க ஆளே இல்லாமல் பெட்டிக்குள்ளிருந்து கிளம்பும் 'டும்'மும் 'சட்'டும். அதை நிஜ டிரம் என்று யாரும் நம்புவதில்லை. ஆனாலும் கால் தானாகத் தாளம் போடுகிறது.

இந்தப் பொய்ச் சத்தத்தின் பூர்வீகத்தைத் தேடினால், ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் 1980-ல் வெளியிட்ட டிஆர்-808-ல் போய் நிற்கலாம். அதே ஆண்டு அமெரிக்காவில் வந்த லின் எல்எம்-1, நிஜ டிரம்மின் ஒலியைப் பதிவு செய்து சில்லுக்குள் வைத்திருந்தது. விலை சுமார் 5,000 டாலர். 808-ன் விலை 1,195 டாலர்தான். அதற்குள் பதிவான ஒலி எதுவும் கிடையாது. எல்லாமே மின்சுற்றுகள் அந்தக் கணத்தில் உண்டாக்குபவை.

பேஸ் டிரம்மையே எடுத்துக்கொள்வோம். சுற்றுக்கு ஒரு மின்துடிப்பு கொடுத்தால், தட்டிய மணிபோல அது அதிர்ந்து அடங்குகிறது. ஒரு குமிழைத் திருகினால் அடங்கும் நேரம் நீளும். 'டப்' என்பது 'டூம்ம்ம்' ஆகிவிடும். மிருதங்கத்தின் தொப்பியில் எழும் கும்கியை நினைத்துக்கொள்ளலாம், ஸ்பீக்கர் தாங்கினால்! கைத்தட்டல் என்பது வெறும் இரைச்சலை வடிகட்டித் துண்டு துண்டாக நறுக்கியது. மாட்டு மணியும் உண்டு. எந்த மாட்டின் கழுத்திலும் கேட்டிராத மணி.

முகப்பில் நான்கு நிறங்களில் 16 பொத்தான்கள். அழுத்திய இடத்தில் அடி விழும். ஆதி தாளத்தின் எட்டு அட்சரங்கள் இரண்டிரண்டாக இதில் கச்சிதமாக உட்காரும். கட்டங்களை 14 ஆகக் குறைத்தால் மிச்ர சாபு.

நிஜ டிரம் போல ஒலிக்கவில்லை என்று பலர் முகம் சுளித்தார்கள். சுமார் 12,000 பெட்டிகளோடு 1983-ல் தயாரிப்பு நின்றது. சிடுசிடுக்கும் அந்த ஒலிக்குக் காரணம் தரம் குறைந்தவை என்று ஒதுக்கப்பட்ட டிரான்சிஸ்டர்கள். தரம் உயர்ந்ததும் கழிவுச் சரக்கு கிடைக்காமல் போயிற்று என்றார் ரோலண்டின் நிறுவனர் இகுடாரோ ககெஹாஷி. ஆனால் அதற்குள், 1982-லேயே, நியூயார்க்கின் ஆஃப்ரிகா பம்பாட்டாவும் மார்வின் கேயும் அந்த ஒலியைப் பாட்டாக்கியிருந்தார்கள்.

அதே 1982-ல் பம்பாயில் ஒருவர் இன்னும் விநோதமான காரியம் செய்தார். இந்திப் பட இசைக்குழுக்களில் கிதார் வாசித்துவந்த சரண்ஜித் சிங், தபலாவை ஒதுக்கிவிட்டு 808-ஐ வைத்தார். கூடவே ரோலண்டின் டிபி-303, ஜூபிட்டர்-8. அவற்றின் மேல் பைரவ், யமன், மால்கௌன்ஸ் (நம் காதுக்கு மாயாமாளவகௌளை, கல்யாணி, இந்தோளம்) உள்ளிட்ட பத்து ராகங்கள். எச்எம்வி இசைத்தட்டு வந்தது, விற்கவில்லை.

1987-ல் சிகாகோவிலிருந்து 'ஆசிட் ஹவுஸ்' என்ற நடன இசை இதே 303-ன் நெளிவுகளோடு புறப்பட்டது. 2010-ல் சிங்கின் தட்டை ஒரு டச்சு நிறுவனம் மறுவெளியீடு செய்தபோதுதான், ஐந்து ஆண்டுகள் முன்பே இப்படி ஒன்றா என்று மேற்கு வியந்தது. முதல்வர் யார் என்ற சச்சரவு இருக்கட்டும். தபலா மாதிரி இல்லையே என்று அந்தப் பெட்டியைக் குறை சொல்லாமல், அதன் குரலிலேயே அதைப் பேசவிட்டாரே, அதுதான் பெரிது.

எழுபதைத் தாண்டிய வயதில் ஐரோப்பிய மேடைகளில் அந்த ராகங்களை மறுபடி வாசித்தார் சிங். 2015-ல் காலமானார்.