கதைக்குள் ஒரு கதாசிரியை: அரியாட்னி ஆலிவர்

அகதா கிறிஸ்டி என்றதும் முறுக்கிய மீசையோடு ஹெர்குல் பொய்ரோ நம் நினைவுக்கு வருவார். அடுத்து, பின்னல் ஊசியோடு மிஸ் மார்ப்பிள். இன்று நான் பேச எடுத்துக்கொண்டது இவர்களுக்குப் பின்னால் நிற்கும் இன்னொருவரை. பெயர் அரியாட்னி ஆலிவர். துப்பறியும் கதைகளுக்குள் உலவும், துப்பறியும் கதை எழுதும் பெண்மணி.

1930களில் பார்க்கர் பைன் சிறுகதைகளில் இவர் சிறிய பாத்திரமாக அறிமுகமாகிறார். மனக்குறையோடு வருகிறவர்களை நலமாக்க பைன் நடத்தும் நாடகங்களுக்குக் கதை கட்டிக் கொடுப்பது அங்கே இவர் வேலை. 1936இல் வெளியான ‘கார்ட்ஸ் ஆன் த டேபிள்’ நாவலில் பொய்ரோவோடு சேர்கிறார். 1972இல் வந்த ‘எலிஃபன்ட்ஸ் கேன் ரிமெம்பர்’ வரை ஏழு நாவல்களில் வருகிறார். அவற்றில் ஆறு பொய்ரோ நாவல்கள். அடங்காத தலைமுடி, ஓயாமல் ஆப்பிள் தின்னும் பழக்கம், ஸ்காட்லாந்து யார்டுக்கு ஒரு பெண் தலைமை தாங்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை – இவைதான் ஆலிவர்.

‘கிறிஸ்டி தன்னையே கேலி செய்துகொண்ட பாத்திரம்’ என்று பொதுவாகச் சொல்வார்கள். உண்மைதான், ஆனால் அதோடு நிறுத்தினால் பாதிதான் சொன்னதாகும். ஆலிவருக்குக் கிறிஸ்டி இரண்டு வேலைகளைக் கொடுத்திருக்கிறார்.

முதல் வேலை, எழுத்தாளரின் மனக்குறையைச் சொல்வது. ஆலிவர் படைத்த துப்பறிவாளர் ஸ்வென் ஹியர்சன், பின்லாந்துக்காரர். பின்லாந்தைப் பற்றி ஆலிவருக்கு ஒன்றும் தெரியாது. ஏதோ நினைப்பில் தொடங்கிவிட்டார், வாசகர்களுக்குப் பிடித்துப்போனது, இனி விட முடியாது. பொய்ரோவைப் பெல்ஜியக்காரராகவும், 1920இல் வந்த முதல் நாவலிலேயே ஓய்வுபெற்ற போலீஸ்காரராகவும் படைத்துவிட்டு, ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாக அவரை இழுத்துச் சென்றவர் கிறிஸ்டி. அந்தச் சலிப்பைப் பொய்ரோ கதைக்குள் வேறு யார் வாயால் சொல்ல முடியும்?

1952இல் வந்த ‘மிஸஸ் மெக்கின்டிஸ் டெட்’ நாவலைப் பாருங்கள். ஆலிவரின் கதையை நாடகமாக்க ஓர் இளைஞர் முன்வருகிறார். வயதான ஹியர்சனை இளைஞனாக்கி, காதலும் சேர்க்கப் பார்க்கிறார். ஆலிவர் பொங்குகிறார். இது வெறும் கற்பனை இல்லை. கிறிஸ்டியின் நாவல் ஒன்று 1928இல் ‘அலிபை’ என்ற பெயரில் மேடையேறியது. அப்போது பொய்ரோவை இளைஞராக்கி, அவர்மேல் பெண்கள் மயங்குவதாகக் காட்ட யோசனை வந்தது. தாம் அதை எதிர்த்ததைக் கிறிஸ்டி சுயசரிதையில் எழுதியிருக்கிறார்.

1935இல் வந்த ‘டெத் இன் த க்ளவுட்ஸ்’ நாவலில் விஷமுள் ஊதும் குழல் ஒன்று வருகிறது. உண்மையான குழல் அதைவிடப் பல மடங்கு நீளம். இந்தத் தவற்றையும் கிறிஸ்டி பின்னாளில் ஆலிவரின் தலையில் வைத்து, அவர் வாயாலேயே ஒப்புக்கொள்ள வைக்கிறார்.

இரண்டாவது வேலை எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது. கதை முடிச்சைக் கொஞ்சம் அவிழ்க்க வேண்டியிருக்கிறது, இன்னும் படிக்காதவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

1961இல் வந்த ‘த பேல் ஹார்ஸ்’ நாவலில் பொய்ரோ இல்லை. வெளிப்படுத்தின விசேஷத்தில் மரணம் ஏறிவரும் குதிரையின் பெயர்தான் தலைப்பு. சிலர் அடுத்தடுத்து, இயற்கையான நோயில் இறப்பதுபோல் இறக்கிறார்கள். செய்வினை என்று பேச்சு கிளம்புகிறது. உண்மைக் காரணம் தாலியம் என்ற விஷம். அதன் உப்புக்கு நிறமில்லை, மணமில்லை, சுவையில்லை. நரம்பைத் தாக்கும். இரண்டு மூன்று வாரத்தில் முடி கொத்துக்கொத்தாகக் கொட்டும். தனக்குத் தெரிந்த ஒருத்தி சாவதற்குமுன் முடி கொட்டியது என்று ஆலிவர் மூலம் வந்துசேரும் செய்திதான், கதை சொல்லும் மார்க் ஈஸ்டர்புரூக்குக்கு உண்மையைக் காட்டுகிறது. தர்க்கம் எதுவும் இல்லாத ஊர்ப்பேச்சு அது.

முதல் உலகப் போரில் டார்க்கி நகரத்து மருத்துவமனையில் நோயாளிகளைக் கவனித்து, பிறகு மருந்தகத்தில் மருந்து கலந்தவர் கிறிஸ்டி. நானும் நர்ஸ் என்பதால் சொல்கிறேன்: டாக்டர் வந்து பார்ப்பது சில நிமிடம். தலையணை உறையை மாற்றுகிறவள்தான் அதில் கிடக்கும் முடியைப் பார்க்கிறாள். பார்த்ததை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். கேட்கவும் ஓர் ஆள் வேண்டும்.

1977இல் இது நிஜமாகவே நடந்தது. கத்தாரிலிருந்து 19 மாதப் பெண் குழந்தை ஒன்றை லண்டன் ஹாமர்ஸ்மித் மருத்துவமனைக்குக் கொண்டுவந்தார்கள். என்ன நோயென்று மருத்துவர்களுக்குப் பிடிபடவில்லை. அப்போது ‘த பேல் ஹார்ஸ்’ படித்துக்கொண்டிருந்த ஒரு நர்ஸ், இது தாலியமாக இருக்கலாம் என்று சொன்னார். சோதித்தார்கள், தாலியம்தான். குழந்தை தேறியது. மருத்துவர்கள் இதை ஆய்விதழில் எழுதியபோது அந்த நர்ஸுக்கும், முந்தைய ஆண்டு காலமான கிறிஸ்டிக்கும் நன்றி சொன்னார்கள்.

ஆலிவரைக் கோமாளியாக மட்டும் படித்தால் இது நமக்குத் தப்பிவிடும். பொய்ரோவின் மூளை ஒழுங்கை நம்புகிறது. ஆலிவருடையது அலைபாயும், வேண்டாததையெல்லாம் ஞாபகம் வைத்துக்கொள்ளும், யோசிக்காமல் சொல்லிவிடும். கதை நகர இரண்டு பேருமே வேண்டும் என்பது கிறிஸ்டிக்குத் தெரிந்திருக்கிறது.

படிக்க விரும்புகிறவர்கள் சிரிப்புக்கு ‘மிஸஸ் மெக்கின்டிஸ் டெட்’டில் தொடங்குங்கள். அடுத்து ‘த பேல் ஹார்ஸ்’. உங்கள் கேள்விகளைக் கேட்கக் காத்திருக்கிறேன்.