கொழுப்பு குறைந்த பர்கர்: மறுநாள் சூடாக்கினால் என்ன ஆகும்?

ஜெலுத்தோங் – இந்த வட்டாரத்தில் இரவு நேர பர்கர் கடைகளுக்குக் குறைவில்லை. ராத்திரி இரண்டு கூடுதலாக வாங்கி, காலையில் பிள்ளைக்குச் சூடாக்கிக் கொடுக்கும் வீடுகளும் உண்டு. உடம்பை நினைத்துக் கொழுப்பு குறைந்த மாட்டிறைச்சி பர்கரைத் தேடுபவர்கள், அதைச் சமைக்கும் விதத்தையும் கவனிக்க வேண்டும்.

இறைச்சியை மென்மையாக வைத்திருப்பதில் கொழுப்புக்குப் பெரிய பங்கு உண்டு. அது குறைந்தால் சிறிது நேரம் கூடுதலாகச் சுட்டாலே இறைச்சி வறண்டு ரப்பர்போல் ஆகிவிடும். கரண்டியால் அழுத்தினால் இருக்கிற சாறும் போய்விடும். கொழுப்பு மிகுந்த இறைச்சி நெருப்பில் சுடும்போது நிறைய கொழுப்பை இழக்கிறது. குறைந்ததோ கொஞ்சம்தான் இழக்கிறது. ஆகவே வெந்தபின் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் சுருங்கிவிடும். நம்மூர் கடையில் மார்ஜரினில் பொரித்து, முட்டையில் சுற்றி, மயோனிஸ் ஊற்றும்போது மிச்சமிருந்த லாபமும் கரைகிறது.

1991-இல் மெக்டொனால்ட்ஸ் அமெரிக்காவில் 'மெக்லீன் டீலக்ஸ்' என்ற பர்கரை விற்றது. கொழுப்பைக் குறைத்து, ஈரம் நிற்க கடற்பாசியிலிருந்து எடுக்கும் காராகீனன் சேர்த்தார்கள். சபா, செம்பூர்ணாவில் வளர்க்கும் கடற்பாசியும் இதற்குத்தான் பயன்படுகிறது. ஆனாலும் ருசி எடுபடவில்லை. 1996-இல் அது நிறுத்தப்பட்டது.

வறண்டுவிடுமே என்று அரைவேக்காட்டில் எடுப்பது ஆபத்து. அரைத்த மாட்டிறைச்சியின் நடுப்பகுதி 71 பாகை செல்சியஸை எட்ட வேண்டும். நிறத்தை நம்பக்கூடாது, சில இறைச்சி அதற்கு முன்பே பழுப்பாகிவிடும். 1992-93-இல் அமெரிக்காவில் சரியாக வேகாத பர்கரில் இருந்த இ.கோலை கிருமியால் 4 குழந்தைகள் இறந்தனர்.

மறுநாள் வரும் பழைய வாடைக்குக் காரணம் வேறு. வெந்த இறைச்சியிலிருந்து வெளிப்படும் இரும்புச்சத்து, அணுச் சவ்வுகளிலுள்ள கொழுப்பு ஆக்சிஜனோடு சேர்ந்து கெடுவதை விரைவுபடுத்துகிறது. கொழுப்பு குறைந்த இறைச்சியிலும் அந்தச் சவ்வு இருக்கத்தானே செய்யும்! காற்றுப் புகாமல் மூடிவைத்தால் வாடை ஓரளவு குறையும்.

வாங்கியதை இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்பெட்டியில் வைக்க வேண்டும். சூடாக்கும்போது ரொட்டி, காய்கறியைத் தனியே எடுத்துவிட்டு, இறைச்சியில் சிறிது தண்ணீர் தெளித்து, மூடி, மிதமான சூட்டில் வைக்கலாம். மைக்ரோவேவில் சூடு சீராகப் பரவாது. இடையில் ஒருமுறை திருப்பிப்போட வேண்டும். உள்ளே 74 பாகை வர வேண்டும். ஒருமுறைக்கு மேல் சூடாக்க வேண்டாம்.

மாட்டிறைச்சி தொடாதவர்கள் வாங்கும் கோழி பர்கரும் இதே கதைதான். அதை முதல்முறை வேகவைக்கும்போதே 74 பாகை தேவை.