வானொலியை விழுங்கிய கடன்

கடன் இல்லாமல் வியாபாரம் இல்லை என்று நம்மவர்களில் பலர் சொல்வார்கள். மொத்த வியாபாரியிடம் கடனுக்குச் சரக்கு எடுத்து, விற்றுக் கொடுப்பது நமது கடைத்தெருக்களில் நெடுங்காலப் பழக்கம். ஆனால் ஒரு வியாபாரத்தை வாங்குவதற்காக எடுத்த கடனை அந்த வியாபாரத்தின் தலையிலேயே கட்டிவிட்டால் என்ன நடக்கும்? இதற்கு அமெரிக்காவின் உள்ளூர் வானொலிகள் நல்ல பாடமாக இருக்கின்றன.

டெக்சாஸ் மாநிலத்தின் சான் அன்டோனியோ நகரில் 1972இல் ஒரேயொரு பண்பலை நிலையத்துடன் ஆரம்பமானது 'கிளியர் செனல்' கம்பனி. அமெரிக்காவில் ஒரு கம்பனி நாடு முழுவதும் எத்தனை வானொலி நிலையங்களை வைத்திருக்கலாம் என்பதற்கு அன்று உச்சவரம்பு இருந்தது. 1996இல் வந்த தொலைத்தொடர்புச் சட்டம் அதை நீக்கிவிட்டது. அடுத்த சில வருடங்களிலேயே கிளியர் செனலின் கையில் சுமார் 1,200 நிலையங்கள் சேர்ந்துவிட்டன.

கடன் யாருடைய தலையில்?

2008 ஜூலையில் 'பெயின் கெப்பிட்டல்', 'தோமஸ் எச். லீ பார்ட்னர்ஸ்' என்ற இரு முதலீட்டு நிறுவனங்கள் இந்தக் கம்பனியை வாங்கின. பழைய கடனையும் சேர்த்து கம்பனியின் மேல் ஏறிய கடன் சுமார் 20 பில்லியன் டொலர்.

இதை நமது பாஷையில் சொல்வதானால், சந்தியில் நன்றாக ஓடும் ஒரு பலசரக்குக் கடையை ஒருவர் ஒரு கோடி ரூபாவுக்கு வாங்குகிறார். கைக்காசு 20 இலட்சம், மீதி 80 இலட்சம் வங்கிக் கடன். அந்தக் கடனை அவர் தனது பெயரில் எழுதாமல் கடையின் பெயரிலேயே எழுதிவிடுகிறார். கடை உழைத்துத் தன் விலையைத் தானே கட்ட வேண்டும். உழைத்தால் இலாபம் அவருக்கு, உழைக்காவிட்டால் கடை மூழ்கும். அவருக்கு நட்டம் அந்த 20 இலட்சத்தோடு முடிந்துவிடும்.

கம்பனி கைமாறிய சில வாரங்களிலேயே உலக நிதி நெருக்கடி வந்தது. விளம்பர வருமானம் விழுந்தது. பின்னர் விளம்பரதாரர்கள் இணையத்தின் பக்கமும் போகத் தொடங்கினார்கள். கடனில்லாத வானொலிக்கு இது கஷ்ட காலம். ஆனால் கடன் சுமந்த வானொலிக்கு இது உயிர்ப் பிரச்சினை. விளம்பரம் குறைந்ததென்று வட்டி குறைவதில்லை. 2015இல் வெளிப்புற விளம்பரப் பலகை வியாபாரமும் சேர்ந்து கம்பனியின் வருமானம் சுமார் 6.2 பில்லியன் டொலர். வட்டி மட்டும் சுமார் 1.8 பில்லியன். அதாவது நூறு ரூபாவுக்கு விற்றால் 29 ரூபா வட்டிக்கே போய்விடும். முதல் அப்படியே நிற்கும்.

வெட்டியது எதை?

வட்டியைக் குறைக்க முடியாதபோது ஆட்களைத்தான் குறைப்பார்கள். 2009 ஜனவரியில் ஒரேயடியாகச் சுமார் 1,850 பேரை கம்பனி வேலையிலிருந்து நீக்கியது. ஒரு நகரத்திலிருக்கும் அறிவிப்பாளர் தனது குரலைப் பதிவு செய்து, தான் காலே வைக்காத பல நகரங்களின் நிலையங்களுக்கு அனுப்பும் முறை முன்பே இருந்தது. அது இன்னும் பரவியது. கேட்பவர் தனது ஊர் ஆள் பேசுவதாக நினைத்துக்கொள்வார். பேசுபவருக்கோ அந்த ஊரில் மழை பெய்வதுகூடத் தெரியாது.

ஊரில் ஆள் இருப்பதன் பெறுமதி ஆபத்து வேளையில்தான் தெரியும். 2002 ஜனவரி 18 அதிகாலையில் வட டகோட்டா மாநிலத்தின் மைனட் நகரில் ரயில் தடம்புரண்டு அமோனியா வாயு பரவியது. ஒருவர் இறந்தார், நூற்றுக்கணக்கானோர் பாதிக்கப்பட்டனர். நகரின் ஆறு வர்த்தக வானொலிகள் கிளியர் செனலுக்குச் சொந்தமாக இருந்தன. எச்சரிக்கை கொடுக்க பொலிஸார் முயன்றும் உரிய நேரத்தில் ஒலிபரப்பாகவில்லை. நிலையத்தில் ஆள் இருந்தார், பொலிஸார் அவசர அறிவிப்புக் கருவியைச் சரியாகப் பயன்படுத்தவில்லை என்று கம்பனி வாதாடியது. தவறு எவருடையதாயினும், ஒரே கையில் எல்லா நிலையங்களும் இருக்கும்போது ஒரு வழி அடைபட்டால் மறுவழி இல்லை என்பதை அந்த இரவு காட்டியது.

2014இல் கம்பனி 'ஐஹார்ட்மீடியா' என்று பெயர் மாறியது. பெயர் மாறினாலும் கடன் மாறவில்லை. 2018 மார்ச்சில் வங்குரோத்துப் பாதுகாப்புக் கோரி நீதிமன்றம் சென்றது. 2019 மே மாதம் வெளியே வந்தபோது சுமார் 16 பில்லியனாக இருந்த கடன் 5.75 பில்லியனாகக் குறைக்கப்பட்டிருந்தது. ஆனால் ஊர்க் குரல்கள் திரும்பி வரவில்லை. 2020 ஜனவரியில் மீண்டும் பெரிய ஆட்குறைப்பு நடந்தது. இந்தமுறை செயற்கை நுண்ணறிவுத் தொழில்நுட்பம் காரணங்களில் ஒன்றாகச் சொல்லப்பட்டது.

இது ஒரு கம்பனியின் கதை மட்டுமல்ல. 2017 நவம்பரில் 'கியூமியூலஸ்', 2024 ஜனவரியில் சுமார் 1.9 பில்லியன் கடனுடன் 'ஓடசி' என்று பெரிய வானொலிக் கம்பனிகள் அதே நீதிமன்ற வாசலுக்குப் போயின.

நமக்கு என்ன பாடம்?

செலவைக் குறைப்பது தவறல்ல. வீண்செலவை வெட்டாத வியாபாரி நிலைக்க மாட்டார். ஆனால் வாடிக்கையாளர் எதற்காக நம்மிடம் வருகிறாரோ அதை வெட்டக்கூடாது. பாட்டு எங்கும் கிடைக்கும். வானொலியிடம் தனியாக இருந்தது ஊர்க்குரல் ஒன்றுதான். அதை விற்று வட்டி கட்டியதால் முதலுக்கே மோசம் வந்தது. வாடிக்கையாளரின் முகம் தெரிந்த பழைய சேல்ஸ்மேனை அனுப்பிவிட்டுத் தவணைப்பணம் கட்டும் கடையும் இதே பாதையில்தான் போகிறது.

புதிய கிளை திறக்கவோ, இன்னொருவரின் வியாபாரத்தை வாங்கவோ கடன் எடுக்க நினைப்பவர்கள், விற்பனை மூன்றில் ஒரு பங்கு விழுந்த வருடத்திலும் தவணையைக் கட்ட முடியுமா என்று முதலில் கணக்குப் பார்க்கட்டும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். வட்டிக்குக் கொடுத்தவர் நமது நட்டத்தைப் பார்ப்பதில்லை. முஷாரகா முறையில் சேர்ந்த பங்காளியோ இலாபத்தில் போல நட்டத்திலும் பங்கெடுக்கிறார். ஐஹார்ட்மீடியா கதையின் முடிவும் இதுதான். நீதிமன்றத் தீர்வின்படி கடன் கொடுத்தவர்கள் தமது கடனின் பெரும் பகுதியை விட்டுக்கொடுத்து, அதற்குப் பதிலாகக் கம்பனியின் பங்காளிகளானார்கள். வாங்கிய நாளிலேயே பங்காளிகளாக வந்திருந்தால் விளம்பரம் விழுந்த வருடத்தின் பாரத்தை அவர்களும் சுமந்திருப்பார்கள். அந்தப் பாரம் முழுவதும் மைக்கின் முன்னால் இருந்தவர்களின் தலையில் விழுந்திருக்காது.