புகை இல்லை, நிக்கோட்டின் இருக்கிறது

பண்டார் தெங்காராவைச் சுற்றியுள்ள செம்பனைத் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு, வாய்க்குள் ஒன்றை அடக்கிக்கொள்ளும் பழக்கம் புதிதல்ல. என் பாட்டியின் சுருக்குப்பையில் வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்போடு புகையிலைத் துண்டும் இருக்கும். யாரும் அதைப் போதை என்று சொன்னதில்லை. ஆனால் மலேசியாவில் வாய்ப் புற்றுநோய் இந்தியர்களிடையே, அதிலும் பெண்களிடையே, அதிகமாகக் காணப்படுவதற்கு அந்தப் பழக்கம் முக்கியக் காரணம்.

இப்போது அதே வாய்க்குள் புதினா வாசனையோடு வேறொன்று வந்திருக்கிறது: நிக்கோட்டின் பவுச். சின்ன வெள்ளைப் பொட்டலம். உதட்டுக்கும் ஈறுக்கும் நடுவில் வைத்துக்கொள்வார்கள். புகை வராது, துப்ப வேண்டாம், ஆசிரியருக்கும் தெரியாது.

“இதில் புகையிலையே இல்லைடா” என்று நண்பன் ஒருவன் என்னிடம் வாதாடினான். உண்மைதான். பாட்டியின் புகையிலையையும் இதையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. ஆனால் நீண்டகால விளைவுகள் முழுதாகத் தெரியும் அளவுக்கு இது பழைய பொருளும் அல்ல.

ஆளை அடிமையாக்குவது நிக்கோட்டின். வாயின் மெல்லிய சவ்வு வழியாக அது இரத்தத்தில் கலக்கிறது. ஒரு சிகரெட்டிலிருந்து உடலில் சேருவது ஏறக்குறைய 1 மில்லிகிராம். பவுச்சில் 3, 6, சிலவற்றில் 10 மில்லிகிராமுக்கு மேலும் இருக்கும். அதில் ஒரு பகுதிதான் உடலில் சேரும் என்றாலும், பழக்கமில்லாதவருக்குத் தலைசுற்றவும் குமட்டவும் அது போதும். இதயத் துடிப்பு கூடும், ஈறு புண்ணாகும். மூளை ஏறக்குறைய 25 வயதுவரை வளர்வதால், இந்த வயதில் தொற்றும் பழக்கம் ஆழமாக வேரூன்றும்.

“அமெரிக்காவே அனுமதித்துவிட்டதே” என்பது அடுத்த வாதம். 2025 ஜனவரியில் அந்நாட்டின் எஃப்.டி.ஏ. 20 வகைப் பவுச்சுகளின் விற்பனைக்கு அனுமதி தந்தது. சிகரெட்டை விட்டு இதற்கு மாறும் பெரியவர்களை மனத்தில் வைத்துத் தந்த அனுமதி அது. இவை பாதுகாப்பானவை என்று அது சொல்லவில்லை.

நம் நாட்டில் நிக்கோட்டின், 1952 நச்சுப்பொருள் சட்டத்தின் கீழ் வருவது. 2023 மார்ச் 31 அன்று மின்சிகரெட்டுக்கான திரவ, ஜெல் நிக்கோட்டினுக்கு மட்டும் விலக்கு கொடுத்தார்கள். பவுச் திரவமும் அல்ல, ஜெல்லும் அல்ல. அந்த விலக்கே எனக்குச் சரியாகப்படவில்லை, அது வேறு கதை. 852ஆம் சட்டம் 2024 அக்டோபர் 1 முதல் நடப்பில் உள்ளது. 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்குப் புகைப்பொருள் விற்பது குற்றம். பாலம் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகும் அண்ணன்மாரும் பையைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்; அங்கே இவற்றுக்குத் தடை.

ஏற்கெனவே பழகிவிட்டவர்கள் அரசு சுகாதாரக் கிளினிக்கில் ‘எம்குயிட்’ சேவையைக் கேட்கலாம். மருந்தகத்தில் கிடைக்கும் 2, 4 மில்லிகிராம் நிக்கோட்டின் சூயிங்கம், அளவைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்துவதற்கான மருந்து. எவ்வளவு, எத்தனை நாள் என்பதை மருந்தாளரிடம் கேட்டுத் தொடங்குங்கள்.