டிராக்டரின் செல்ப் சுற்றவில்லையா? விளக்கைப் போட்டுப் பாருங்கள்!

மழை பெய்து நிலம் பதமாக இருக்கும்போது உழுதுவிட வேண்டும். ஈரம் யாருக்காகவும் காத்திராது. அந்த வேளையில் சாவியைத் திருப்பியும் செல்ப் மோட்டார் அசையாமல் நிற்பதுண்டு. உடனே மோட்டாரைக் கழற்றுவதும் புது பேட்டரி வாங்குவதும் வீண் செலவாக முடியலாம். பல சமயங்களில் கோளாறு, பூத்துப்போன டெர்மினலிலோ தளர்ந்த எர்த் கம்பியிலோதான் இருக்கும்.

முதலில் கியரை நியூட்ரலில் வைத்துக் கைபிரேக்கைப் போட வேண்டும். பல டிராக்டர்களில் கிளட்சை முழுவதும் மிதித்தால்தான் செல்ப் எடுக்கும். அதற்கெனப் பாதுகாப்பு சுவிட்சு உண்டு.

விளக்குச் சோதனை

முன்விளக்கைப் போட்டு, சாவியைத் திருப்ப வேண்டும். விளக்கைக் கவனிப்பவர் வண்டிக்கு எதிரில் நிற்காமல் பக்கவாட்டில் நிற்க வேண்டும்.

விளக்கு அடியோடு மங்கினாலோ, ‘டிக்டிக்’ என்று தொடர்ந்து சத்தம் வந்தாலோ, பேட்டரியில் சார்ஜ் குறைவு. அல்லது டெர்மினல் இணைப்பு சரியில்லை.

விளக்கு மங்காமல், சத்தமும் வராவிட்டால் மின்சாரம் செல்ப் வரை போகவில்லை. பியூஸ், சாவி சுவிட்சு, பாதுகாப்பு சுவிட்சு, சோலினாய்டுக்கு வரும் மெல்லிய கம்பி ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

‘டக்’ என்று ஒரே சத்தம் கேட்டு, விளக்கும் மங்காவிட்டால், சோலினாய்டின் உள்முனைகளோ மோட்டாரின் கார்பன் பிரஷ்ஷோ தேய்ந்திருக்கலாம். மோட்டார் மட்டும் சுற்றி எஞ்சின் சுற்றாவிட்டால் பெண்டிக்ஸ் பல்சக்கரத்தில் கோளாறு. இவை இரண்டும் மெக்கானிக் பார்க்க வேண்டியவை.

பேட்டரியைக் கவனித்தல்

12 வோல்ட் பேட்டரி சில மணி நேரம் சும்மா இருந்தபின், மீட்டரில் 12.6 வோல்ட் காட்டினால் முழு சார்ஜ் உள்ளது. 12-க்குக் கீழே போனால் சார்ஜ் தீர்ந்துவிட்டது என்று பொருள். ஆனால் செல்ப் போடும்போது 9.6 வோல்ட்டுக்கும் கீழே இறங்கினால் பேட்டரி வலுவிழந்திருக்கலாம்.

டெர்மினலைச் சுத்தம் செய்ய முதலில் நெகட்டிவ் கம்பியைக் கழற்ற வேண்டும். மாட்டும்போது அதைக் கடைசியில் மாட்ட வேண்டும். மூடிகளை இறுக மூடி, சமையல் சோடா கரைத்த நீரால் களிம்பைக் கழுவி, உலர்த்தி, இறுக்கிய பின் வாசலின் தடவலாம். எர்த் கம்பி சேஸிஸில் சேரும் இடத்தையும் துரு போகத் தேய்க்க வேண்டும். பேட்டரியிலிருந்து எரியும் வாயு வெளிவருவதால் அருகில் பீடி, தீக்குச்சி கூடாது.

உயிருக்கு ஆபத்து

தரையில் நின்றபடி, செல்ப் முனைகளில் ஸ்குரூடிரைவரை வைத்து ஸ்டார்ட் செய்யும் வழக்கம் சில இடங்களில் உண்டு. இப்படிச் செய்தால் பாதுகாப்பு சுவிட்சு வேலை செய்யாது. கியரில் இருந்தால் எஞ்சின் பிடித்ததும் வண்டி பாய்ந்து, பெரிய சக்கரம் நிற்பவர் மேல் ஏறிவிடும். எவ்வளவு அவசரமானாலும் இருக்கையில் அமர்ந்தே ஸ்டார்ட் செய்ய வேண்டும்.

செல்பை ஒரே மூச்சில் 10 வினாடிக்கு மேல் ஓட்டக்கூடாது. ஒரு நிமிடமாவது ஆறவிட வேண்டும். மாதம் ஒரு முறை டெர்மினலைத் துடைத்து, தேவையானால் பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர் ஊற்றி வந்தால், உழவு நாளில் வண்டி நின்றுபோகும் தொல்லை பெரும்பாலும் நேராது.