கல்லூரி மூடும் வாரத்தில் அவசரக் கையெழுத்து வேண்டாம்

பிலடெல்பியாவின் யுனிவர்சிட்டி ஆஃப் தி ஆர்ட்ஸ் மூடப்போகிறது என்ற செய்தி 2024 மே 31, வெள்ளிக்கிழமை வெளியானது. மூடும் நாள் ஜூன் 7. 1876இல் வேர்விட்ட அந்தக் கலைக் கல்லூரியில் அப்போது ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் இருந்தார்கள். அவர்களுக்குக் கிடைத்த அவகாசம் ஒரே வாரம். பலருக்கு விஷயம் தெரிந்ததே பத்திரிகைச் செய்தியைப் பார்த்துத்தான். திங்கட்கிழமை நடப்பதாக இருந்த விளக்கக் கூட்டம், தொடங்கச் சில நிமிடங்கள் இருக்கும்போது ரத்தானது. மறுநாள் கல்லூரித் தலைவர் பதவி விலகினார். செப்டம்பரில் நிர்வாகம் திவால் மனு கொடுத்தது.

இப்படித் தெருவில் நிற்க நேர்ந்தவர்கள் பின்னர் என்ன ஆனார்கள் என்பதை அமெரிக்காவில் கணக்கெடுத்திருக்கிறார்கள். 2004 ஜூலை முதல் 2020 ஜூன் வரை மூடப்பட்ட 467 கல்வி நிலையங்களின் 1,43,215 மாணவர்களைப் பின்தொடர்ந்த ஆய்வு 2022இல் வெளிவந்தது. அவர்களில் மறுபடி ஏதேனும் ஒரு கல்லூரியில் சேர்ந்தவர்கள் 47.1 சதவீதம். சேர்ந்தவர்களில் பட்டமோ சான்றிதழோ பெற்றவர்கள் 36.8 சதவீதம். இரண்டையும் பெருக்கிப் பார்த்தால் நூறு பேரில் ஏறத்தாழ 17 பேர்தான் கரையேறியிருக்கிறார்கள். சுமார் 70 சதவீத மாணவர்களின் கல்லூரி போதிய முன்னறிவிப்பில்லாமல் மூடப்பட்டது. பணமும் நேரமும் ஒரே சமயத்தில் தீர்ந்துபோன குடும்பம் எடுக்கும் அவசர முடிவுகள் இந்தச் சரிவில் பெரும்பங்கு வகிக்கின்றன என்பது என் எண்ணம். அந்த அவசரத்தைப் பற்றித்தான் எச்சரிக்க விரும்புகிறேன்.

ஒரு கல்லூரி மூடும்போது அக்கம்பக்கக் கல்லூரிகள் கதவைத் திறக்கும். பிலடெல்பியாவில் டெம்பிள், ட்ரெக்ஸல், மூர் ஆகியவை முன்வந்தன. மூடும் கல்லூரியின் மாணவர் தம் படிப்பை இன்னோரிடத்தில் முடிக்கச் செய்யும் இந்த ஏற்பாட்டுக்கு டீச்-அவுட் என்று பெயர். நல்ல ஏற்பாடுதான், பலருக்கு அதுவே சரியான வழி. ஆனால் முதலில் திறக்கும் கதவு மலிவான கதவாக இருக்கவேண்டும் என்று எந்த விதியும் இல்லை. ஒப்பந்தம் பாடத்தைப் பற்றிப் பேசுகிறது. கட்டணத்தைப் பற்றி என்ன சொல்கிறது என்பதை ஒவ்வொரு முறையும் தனியாகக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஏனென்றால் பழைய கல்லூரி தந்த உதவித்தொகை அந்தக் கல்லூரியோடு போய்விடுகிறது. அமெரிக்கத் தனியார் கல்லூரிகளில் அச்சிட்ட கட்டணம் ஒன்று, குடும்பம் கட்டும் தொகை வேறு; முதலாண்டு மாணவர்களுக்குச் சராசரியாகப் பாதிக்கு மேல் தள்ளுபடி செய்கிறார்கள். அந்தத் தள்ளுபடி கல்லூரியின் சொந்த முடிவு, இன்னொரு கல்லூரியைக் கட்டுப்படுத்தாது. மத்திய அரசின் பெல் மானியமோ மாணவரோடு வரும். அதற்கும் புதிய கல்லூரியின் குறியீட்டை அரசின் நிதியுதவி விண்ணப்பத்தில் சேர்க்கவேண்டும். மூடிய கல்லூரியில் செலவான பெல் பருவங்களைத் திரும்பப் பெறவும் வழியிருக்கிறது. 

இனி கிரெடிட் கணக்கு, அதாவது பட்டத்துக்குச் சேரும் பாட அலகுகளின் கணக்கு. செலவைத் தீர்மானிப்பது பெரும்பாலும் இதுதான். அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அலுவலகம் 2017இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2004 முதல் 2009 வரை கல்லூரி மாறியவர்கள் சராசரியாக 43 சதவீத கிரெடிட்டுகளை இழந்தார்கள். லாபநோக்குக் கல்லூரியிலிருந்து அரசுக் கல்லூரிக்கு மாறியவர்கள் இழந்தது 94 சதவீதம். 120 கிரெடிட் பட்டத்தில் 60 முடித்த ஒருவர் 43 சதவீதத்தை இழந்தால் 26 கிரெடிட் போயிற்று. கிட்டத்தட்ட ஓராண்டுப் படிப்பு அது.

ஆண்டுக் கட்டணத்தை மட்டும் வைத்து ஒப்பிடுபவர்கள் ஏமாறுவது இங்கேதான். 2024-25இல் சொந்த மாநில மாணவருக்கு அரசுப் பல்கலைக்கழகத்தின் சராசரிக் கட்டணம் 11,610 டாலர். வெளிமாநிலத்தவருக்கு 30,780. தனியாரில் அச்சிட்ட கட்டணம் 43,350. முதல் எண்ணைப் பார்த்ததும் முடிவெடுத்துவிடத் தோன்றும். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். அரசுப் பல்கலைக்கழகம் பாதி கிரெடிட்டுகளைத்தான் ஏற்கிறது, இன்னும் மூன்றாண்டு படிக்கவேண்டும். தனியார் கல்லூரி எல்லாவற்றையும் ஏற்று, தள்ளுபடி போக 20,000 டாலர் கேட்கிறது, இரண்டாண்டில் முடிந்துவிடும். கட்டணம் மட்டும் பார்த்தால் 34,830க்கு எதிராக 40,000; அரசே மலிவு. தங்குமிடம், சாப்பாட்டுக்கு ஆண்டுக்கு 13,000 சேர்த்தால் 73,830க்கு எதிராக 66,000. முடிவு தலைகீழாகிவிட்டது. வீட்டிலிருந்தே போய்வர முடிந்தால் மறுபடி மாறும். ஆகவே ஒப்பிடவேண்டிய தொகை ஒன்றுதான்: இன்றிலிருந்து பட்டம் கைக்கு வரும் நாள்வரை ஆகும் மொத்தச் செலவு. அதைக் கணக்கிட, எந்தப் பாடம் எந்தப் பாடத்துக்கு ஈடாக ஏற்கப்படும் என்பது எழுத்தில் வேண்டும். “பெரும்பாலும் ஏற்றுக்கொள்வோம்” என்று சேர்க்கை அலுவலர் வாயால் சொல்வது போதாது. மொத்தம் 60 கிரெடிட்டையும் ஏற்றுக்கொண்டு, அதில் பாதியை மேஜர் எனும் முதன்மைப் பாடத்துக்குச் சேராத விருப்பப் பாடமாக எழுதிவைப்பதும் நடக்கும். தாளில் 60 இருக்கும், படிக்கவேண்டியது குறையாது.

முதலாண்டில் இருப்பவருக்கு என் பரிந்துரை கம்யூனிட்டி காலேஜ். அங்கே 2024-25இல் ஆண்டுக் கட்டணம் சராசரியாக 4,050 டாலராக இருந்தது. பொதுப் பாடங்களை அங்கே முடித்து நான்காண்டுக் கல்லூரிக்கு மாறலாம். தமிழ்க் குடும்பங்கள் நிறைய வாழும் நியூ ஜெர்சியில், கவுன்டி கல்லூரியில் (கம்யூனிட்டி காலேஜுக்கு அங்கே உள்ள பெயர்) இரண்டாண்டு அசோசியேட் பட்டம் முடித்தவரின் கிரெடிட்டுகளை மாநிலத்தின் அரசுப் பல்கலைக்கழகங்கள் ஏற்கவேண்டும் என்று 2007இல் சட்டமே வந்தது. பட்டத்தை முடிக்காமல் பாதியில் தாவினால் அந்தப் பாதுகாப்பு முழுமையாகக் கிடைக்காது. மூன்றாம், நான்காம் ஆண்டு மாணவருக்கு இந்த வழி அதிகம் உதவாது. கடைசி 30 கிரெடிட்டையாவது தம்மிடமே படிக்கவேண்டும் என்று பல பல்கலைக்கழகங்கள் விதி வைத்திருக்கின்றன. மேல்நிலைப் பாடங்கள் கம்யூனிட்டி காலேஜில் இருப்பதும் அரிது.

கடன் வாங்கிப் படித்தவர் இன்னொரு இடத்தில் நின்று யோசிக்கவேண்டும். கல்லூரி மூடும்போது படித்துக்கொண்டிருந்தவரும், மூடுவதற்கு முன் பொதுவாக 180 நாளுக்குள் விலகியவரும் மத்திய அரசின் கல்விக் கடனை முழுதாகத் தள்ளுபடி செய்யக் கேட்கலாம். பெற்றோர் பெயரில் வாங்கிய மத்தியக் கடனும் இதில் சேரும். வங்கியிலோ தனியார் நிறுவனத்திலோ வாங்கிய கடன் சேராது. ஆனால் டீச்-அவுட் வழியாகவோ, பழைய கிரெடிட்டுகளை எடுத்துச் சென்றோ அதே படிப்பை முடித்தால் அந்த உரிமை பொதுவாகப் போய்விடும். இந்த விதி சில ஆண்டுகளாகப் பலமுறை மாறியிருக்கிறது. எந்த ஆண்டு வாங்கிய கடன் என்பதைப் பொறுத்துப் பதில் வேறுபடும் என்பதால், கடன் கணக்கை நிர்வகிக்கும் நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஒரே ஆண்டு படித்து, பெற்றோர் பெயரிலும் சேர்த்து 15,000 டாலர் மத்தியக் கடன்பட்ட ஒருவருக்கு, எட்டு கிரெடிட்டை மட்டும் ஏற்கும் கல்லூரியில் அந்த எட்டைக் கொடுத்துச் சேர்வதைவிட, அதை விட்டுவிட்டுக் கடன் தள்ளுபடி கேட்பது லாபமாகலாம். மூன்றாண்டு முடித்தவருக்கு எதிர்த்திசையில் கணக்குப் போகும். இதைப் பார்க்காமல் டீச்-அவுட் படிவத்தில் கையெழுத்திட்டவர் தமக்கு இருந்த ஓர் உரிமையைத் தெரியாமலே இழக்க நேரலாம். கொரிந்தியன் குழுமத்தின் கல்லூரிகளில் படித்த 5,60,000 பேரின் 580 கோடி டாலர் கடனை அரசு தானாகவே ரத்து செய்தது உண்மைதான். அது 2022இல், குழுமம் வீழ்ந்தது 2015இல். ஏழாண்டு வட்டியோடும் வசூல் கடிதங்களோடும் காத்திருக்கும் நிலைக்கு யாரும் தம்மைத் தள்ளிக்கொள்ளக் கூடாது.

முதல் வாரத்தில் தள்ளிப்போடக் கூடாத வேலை ஆவணங்கள். டிரான்ஸ்கிரிப்ட் எனும் அதிகாரபூர்வ மதிப்பெண் பட்டியலின் சில பிரதிகள், ஒவ்வொரு பாடத்தின் பாடத்திட்டம், கட்டண ரசீதுகள், உதவித்தொகைக் கடிதம் எல்லாவற்றையும் கல்லூரியின் இணையதளமும் மின்னஞ்சலும் உயிரோடு இருக்கும்போதே இறக்கி வையுங்கள். டிரான்ஸ்கிரிப்ட் பின்னால் வேறொரு காப்பாளரிடமிருந்து கிடைத்துவிடும்; பாடத்திட்டம் கிடைக்காது. கிரெடிட்டுக்காக வாதாடும்போது கையில் இருக்கவேண்டியது அதுதான்.

இந்தியாவிலிருந்து எஃப்-1 விசாவில் வந்த மாணவருக்கு இந்த அவகாசம் இன்னும் குறுகியது. பெல் மானியமோ மத்தியக் கடனோ அவருக்கு இல்லை. வெளிநாட்டு மாணவர்களுக்கான அரசுப் பதிவேடான செவிஸில் உள்ள அவருடைய பதிவு, வெளிநாட்டு மாணவரைச் சேர்க்க அனுமதி பெற்ற இன்னொரு கல்லூரிக்கு மாறியாக வேண்டும். பழைய கல்லூரியில் அதைச் செய்துதரும் அலுவலர் வேலையில் இருக்கும்போதே போய்ப் பார்க்கவேண்டும். மலிவு என்ற ஒரே காரணத்துக்காகப் பெயர் கேள்விப்படாத இடத்தில் சேர்வது இவருக்குத்தான் மிகப் பெரிய ஆபத்து. 2011 ஜனவரியில் கலிஃபோர்னியாவின் ட்ரை-வேலி பல்கலைக்கழகத்தை அதிகாரிகள் சோதனையிட்டு மூடியபோது ஆயிரத்துக்கும் மேற்பட்ட இந்திய மாணவர்கள் சட்டபூர்வ நிலையை இழந்து தவித்தார்கள். சிலர் காலில் ரேடியோ கண்காணிப்புப் பட்டை கட்டப்பட்டது.

புதிய கல்லூரியும் மூடினால்? நியூயார்க் மாநிலத்தின் கசனோவியா கல்லூரி 2023இல் மூடியது. அதே மாநிலத்தின் வெல்ஸ் கல்லூரி 2024 ஏப்ரல் 29 அன்று அறிவித்து அந்தப் பருவத்தோடு மூடியது. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போயிருந்தவர் யாராயினும், ஓராண்டில் மறுபடி மூட்டை கட்டவேண்டியிருந்திருக்கும். அமெரிக்காவில் பிறப்பு 2007இல் 43 லட்சமாக உச்சம் தொட்டுப் பிறகு பெரும்பாலும் குறைந்து வந்திருக்கிறது. அந்த ஆண்டுக் குழந்தைகளில் பெரும்பாலோர் 2025இல் பள்ளியை முடித்துவிட்டார்கள். இனி வரும் ஆண்டுகளில் சேர்க்கைக்கு ஆள் குறையும். சேருமுன் கல்வித் துறை வெளியிடும் நிதிநிலை மதிப்பெண்ணைப் பாருங்கள். அது மைனஸ் 1 முதல் 3 வரை செல்லும், 1.5க்குக் கீழே இருந்தால் காரணம் கேளுங்கள். அங்கீகாரம் தரும் அமைப்பின் தளத்தில் அந்தக் கல்லூரிக்கு எச்சரிக்கையோ நோட்டீஸோ இருக்கிறதா என்று தேடுங்கள்.

அரசுப் பல்கலைக்கழகம் என்றாலும் எந்த வளாகம் என்று கேட்கவேண்டும். பென் ஸ்டேட் பல்கலைக்கழகம் தன் ஏழு கிளை வளாகங்களை 2027 வசந்தப் பருவத்துக்குப் பின் மூடுவதென 2025 மே மாதம் முடிவெடுத்தது. அப்போது அங்கே படித்தவர்களுக்கு இரண்டாண்டு அவகாசமும், அதே பல்கலைக்கழகத்தின் வேறு வளாகங்களும் இருந்தன.