இரவல் படம், சொந்த வண்ணம்

"படம் நீங்களே வரைந்ததா?"

கையால் செய்த வாழ்த்து அட்டையை யாரிடமாவது கொடுத்தால் முதலில் வரும் கேள்வி இதுதான். "இல்லை, ரப்பர் ஸ்டாம்ப்" என்றோ, "கம்ப்யூட்டரில் எடுத்துப் பிரிண்ட் போட்டு வண்ணம் தீட்டினேன்" என்றோ சொன்னால் கேட்டவருக்குச் சுருதி இறங்கிவிடும். அப்படியென்றால் இதில் உங்கள் வேலைதான் என்ன என்று வாய்விட்டுக் கேட்காத குறை.

நியாயமான கேள்விதான். பதிலுக்கு 1843-ஆம் ஆண்டு லண்டன் வரை போய்வர வேண்டும்.

அங்கே ஹென்றி கோல் என்றொரு அரசு அதிகாரி. இன்றைய விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தின் முதல் இயக்குநராகப் பின்னாளில் பெயர் பெற்றவர். 1840-ல் வந்த பென்னி தபால் திட்டத்துக்காக உழைத்தவர்களில் அவரும் ஒருவர். ஒரு பென்னி தபால்தலை ஒட்டினால் நாட்டின் எந்த மூலைக்கும் கடிதம் போகும் என்றானதும் ஊரே பேனாவும் கையுமாக உட்கார்ந்துவிட்டது. கிறிஸ்துமஸ் வந்தால் கோலின் மேஜையில் கடிதங்கள் குவிந்தன. பதில் போடாவிட்டால் மரியாதையில்லை; போட நேரமில்லை. அதனால், எல்லோருக்கும் அனுப்ப ஒரு படம் வரைந்து தரும்படி ஓவியர் ஜான் கால்காட் ஹார்ஸ்லியிடம் சொன்னார். நடுவில் ஒரு குடும்பம் கோப்பையை உயர்த்தி வாழ்த்துகிறது. இரு ஓரங்களிலும் ஏழைகளுக்கு உணவும் உடையும் கொடுக்கிறார்கள். மேலே பெறுநர் பெயருக்கும் கீழே அனுப்புநர் பெயருக்கும் இடம் விட்டிருந்தது. சுமார் ஆயிரம் பிரதிகள். மிஞ்சியதை ஒரு ஷில்லிங் விலைக்கு விற்றார்கள். அன்றைக்கு அது சாமானியர் கொடுக்கக்கூடிய விலை இல்லை. படத்தில் ஒரு குழந்தையும் ஒயின் அருந்துகிறது என்று மதுவிலக்குக்காரர்கள் கொதித்தது தனிக் கதை.

விற்பனைக்கு வந்த முதல் கிறிஸ்துமஸ் அட்டை என்று இதைத்தான் சொல்கிறார்கள். அது எப்படித் தயாரானது என்பதுதான் நமக்கு முக்கியம். கோடுகளை மட்டும் கல்லச்சில் அச்சிட்டார்கள். வண்ணத்தை ஒவ்வொரு பிரதியிலும் ஓர் ஆள் உட்கார்ந்து கையால் தீட்டினார். அச்சிட்ட கோட்டுக்குள் கை வண்ணம்: இன்றைக்கு ரப்பர் ஸ்டாம்பும் மார்க்கருமாக உட்கார்ந்திருப்பவர் செய்வதும் அதையேதான். வாழ்த்து அட்டை பிறந்ததே இரவல் படத்தில்தான்.

அடுத்த சில ஆண்டுகளில் அமெரிக்காவில் இன்னொருவர் வருகிறார். மாசசூசெட்ஸ் மாநிலத்து வூஸ்டர் நகரைச் சேர்ந்த எஸ்தர் ஹௌலண்ட். அப்பா எழுதுபொருள் கடைக்காரர். 1847-ல் கல்லூரிப் படிப்பை முடித்து வீட்டுக்கு வந்த எஸ்தரின் கையில் இங்கிலாந்திலிருந்து வந்த ஒரு காதலர் தின அட்டை கிடைத்தது. சரிகை போலத் துளையிட்ட தாள், வண்ணத்தாள், வெட்டி எடுத்த சின்னச் சின்ன அச்சுப் படங்கள் எல்லாம் வரவழைத்துச் சில மாதிரிகளைத் தயாரித்தார். கடைச் சரக்குக்கு ஆர்டர் எடுக்க ஊர் சுற்றிய அண்ணன் அவற்றையும் பையில் போட்டுக்கொண்டு போனார். இருநூறு டாலருக்கு ஆர்டர் வந்தால் பெரிது என்று எஸ்தர் நினைத்திருக்க, வந்தது ஐயாயிரம் டாலருக்கு. தோழிகளைக் கூப்பிட்டு வீட்டு மேஜையைச் சுற்றி உட்காரவைத்தார். ஒருவர் படம் வெட்ட, அடுத்தவர் அடித்தாள் ஒட்ட, இன்னொருவர் சரிகைத் தாள் பொருத்த, அட்டை கைமாறிக்கொண்டே போய் முழுமையானது. படம் தாளிலிருந்து எழும்பி நிற்க, பின்னால் விசிறி மடிப்பாக மடித்த காகிதத் துண்டை அவர் வைத்தார். இன்று அதே இடத்தில் இருபுறமும் பசையுள்ள ஸ்பாஞ்சு டேப் உட்கார்ந்திருக்கிறது. மற்றபடி நுட்பம் அப்படியேதான் இருக்கிறது. எஸ்தரும் படங்களை வரையவில்லை. பார்த்துப் பொறுக்கினார், அடுக்கினார். அந்தக் கண்ணுக்குத்தான் காசு கொடுத்தார்கள்.

1870-களில் பாஸ்டனின் லூயி பிராங் போன்றவர்கள் பல வண்ணக் கல்லச்சில் அட்டைகளைக் குவித்ததும் கைக்கு வேலை இல்லாமல் போனது. நம் சிவகாசி அட்டைகளெல்லாம் அந்த வழியில் வந்தவைதான். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் மார்கழி பிறந்தால் கடை வாசலில் கயிறு கட்டித் தொங்கிய பொங்கல் வாழ்த்துகளில் கரும்பும் பானையும் இருக்கும், நடிகர்களும் இருப்பார்கள். பிறகு செல்பேசி வந்தது. அந்தக் கயிறு அறுந்த கதை எல்லோருக்கும் தெரியும்.

ரப்பர் ஸ்டாம்ப் வந்த வழி வேடிக்கையானது. சார்லஸ் குட்இயர் ரப்பரைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கிப் பதப்படுத்தும் முறைக்கு 1844-ல் காப்புரிமை பெற்றார். அதன்பின் பல்செட்டின் அடிப்பகுதியைக் கெட்டி ரப்பரில் செய்யத் தொடங்கினார்கள் பல் வைத்தியர்கள். அதற்காக அவர்களிடம் சின்ன அடுப்பு ஒன்று இருந்தது. 1860-களில் அமெரிக்காவில் சிலர் அதே அடுப்பில் எழுத்து அச்சை வைத்து ரப்பர் முத்திரைகளை வார்க்கத் தொடங்கினார்கள். முதலில் செய்தது யார் என்பதில் இன்றுவரை தகராறு உண்டு. நூறு வருடத்துக்கு மேல் அது ஆபீஸ் மேஜையை விட்டு இறங்கவில்லை. பொழுதுபோக்காக அமெரிக்க வீடுகளுக்குள் அது பரவலாக நுழைந்தது 1980-களில். 1988-ல் இரண்டு சகோதரிகள் தொடங்கிய ஸ்டாம்பின் அப் நிறுவனம், அக்கம்பக்கத்துப் பெண்களை வீட்டுக்கு அழைத்துச் செய்து காட்டியே ஸ்டாம்புகளை விற்று வளர்ந்தது.

நமக்கோ ஸ்டாம்ப் என்றதும் நினைவுக்கு வருவது 'உண்மை நகல்' சீலும் பச்சை மைக் கையெழுத்தும்தான்.

அது ஒரு வகையில் வசதி. வெளிநாட்டு ஸ்டாம்ப் செட்டுக்கு ஆயிரக்கணக்கில் செலவு செய்ய வேண்டியதில்லை. தாலுகா ஆபீஸ் பக்கமோ கோர்ட் பக்கமோ பெயர், பதவி போட்டு ரப்பர் ஸ்டாம்ப் செய்துதரும் கடை இருக்கும். படத்தைக் கொடுத்தாலும் செய்துதருவார்கள். இப்போது பெரும்பாலும் ஒளி பட்டால் இறுகும் பாலிமர்தான். படத்தின் நெகட்டிவை அதன்மேல் வைத்துப் புறஊதா ஒளி காட்டினால், ஒளி பட்ட இடம் இறுகும். படாத இடத்தைக் கழுவிவிடலாம். ஆகவே கொடுக்கும் படம் சுத்தமான கறுப்பு வெள்ளையாக இருக்க வேண்டும். சாம்பல் நிழல் இருந்தால் வராது. மயிரிழைக் கோடு நிற்காது. என்ன படம் என்று யோசிப்பவர்களுக்கு என் சிபாரிசு சிக்குக் கோலம். கோடு ஒரே பருமன். பெரும்பாலானவை நான்கு பக்கமும் ஒன்றுபோல இருப்பதால் ஸ்டாம்பைத் திருப்பிப் பிடித்தாலும் கோணாது. வீட்டில் கோலம் போடத் தெரிந்தவர் இருந்தால் படத்தை இரவல் வாங்கவும் வேண்டாம்.

பதிப்பதில் பெரிய மந்திரம் ஏதுமில்லை. பெரிய ஸ்டாம்பைப் பேடில் குத்துவதைவிடப் பேடை எடுத்து ஸ்டாம்பின் மேல் தட்டுவது நல்லது. மை சீராகப் பரவும். தாளுக்கு அடியில் நாலைந்து செய்தித்தாள் போட்டுக்கொள்ளுங்கள். நேராக அழுத்தி நேராகத் தூக்குங்கள். ஆட்டினால் ஓரம் பதிந்துவிடும்.

இதில் எனக்கு மிகப் பிடித்தது மறைத்துப் பதிக்கும் வேலை. ஒரே ஒரு பானை ஸ்டாம்ப் இருக்கிறது. உங்களுக்கு மூன்று பானைகள் வரிசையாக, ஒன்றன்பின் ஒன்றாக வேண்டும். முதல் பானையை அட்டையில் பதியுங்கள். அதே பானையை ஒட்டுச்சீட்டிலும் பதித்து, கோட்டோரமாக வெட்டி, அட்டையில் உள்ள பானையின் மேல் ஒட்டி மறையுங்கள். இப்போது அடுத்த பானையைக் கொஞ்சம் தள்ளி, பாதி ஒட்டுச்சீட்டின் மேல் படுமாறு பதியுங்கள். சீட்டை உரித்தால் இரண்டாவது பானை முதலாவதன் பின்னால் ஒளிந்து நிற்கும். முன்னால் நிற்க வேண்டியதை முதலில் பதிக்க வேண்டும்; இது பழக்கப்படச் சற்று நேரமாகும். ஒற்றை ஸ்டாம்பில் ஒரு சந்தையையே கொண்டுவந்துவிடலாம்.

டிஜிட்டல் படத்தில் இந்த வித்தையைக் கம்ப்யூட்டர் நொடியில் செய்துவிடும். படத்தைப் பெரிதாக்கலாம், சிறிதாக்கலாம், ஒரு கிளியை இடவலமாகத் திருப்பி இரண்டும் முகம் பார்க்க வைக்கலாம். ரப்பர் கிளி ஒரே பக்கம்தான் பார்க்கும். ஆனால் படத்தின் அளவு தெரிந்திருக்க வேண்டும். நல்ல அச்சுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளிகள் தேவை. அகலம் 1080 புள்ளிகளுள்ள படம் 3.6 அங்குலத்துக்கு, அதாவது 9 சென்டிமீட்டருக்குத்தான் தாங்கும். வாட்ஸ்அப்பில் நான்கு கை மாறி வந்த படத்தை அச்சடித்துவிட்டுப் பிரிண்டரைத் திட்டிப் பயனில்லை.

வண்ணம் தீட்டுவதில் ஒரே ஒரு விதி. கோடு எதில் கரையுமோ அதை வண்ணத்தில் தொடாதீர்கள். நீர்வண்ணம் தீட்டப்போகிறீர்கள் என்றால் நீரில் கரையாத மையால் பதிக்க வேண்டும். ஆல்கஹால் மார்க்கர் என்றால் அதில் கரையாத மை. வீட்டு இங்க்ஜெட் பிரிண்டர்கள் பலவற்றின் மை, தூரிகை ஈரம் பட்டதும் கசிந்து கறுப்புக் கண்ணீர் விடும். ஜெராக்ஸ் கடை லேசர் பிரிண்டரில் அந்தத் தொல்லை இல்லை. டோனர் என்பது உருகி ஒட்டிய பிளாஸ்டிக் பொடி, நீருக்கு அசையாது. ஆல்கஹால் மார்க்கர்களில் பேர்போன ஜப்பானின் காப்பிக், 1987-ல் வந்தபோதே ஜெராக்ஸ் கோடுகளைக் கரைக்காத மை என்பதைத்தான் தன் சிறப்பாக வைத்திருந்தது. ஆகவே தெருமுனை ஜெராக்ஸ் கடைதான் நமக்கு அச்சகம். கெட்டித் தாளைக் கையால் செருகும் தட்டில் வைத்து எடுத்துத் தரச் சொல்லுங்கள். அதே கடையில் லேமினேஷன் மெஷினும் இருக்கும். டோனருக்கென்று விற்கும் தங்க ஃபாயிலை அச்சின் மேல் வைத்து அதற்குள் விட்டால், டோனர் இளகி எழுத்தெல்லாம் தங்கமாகிவிடும்.

ஆல்கஹால் மார்க்கர் தாளின் பின்பக்கம் வரை ஊறும். அதனால்தான் படத்தைத் தனித் தாளில் தீட்டி, வெட்டி, அட்டையின் மேல் ஒட்டுகிறார்கள். மார்க்கர் விலைக்கு மிரள வேண்டாம். பள்ளிப் பிள்ளையின் கலர் பென்சிலே போதும். தாளில் மட்டும் கவனம் தேவை. கையால் செய்த காகிதத்தின் மேல் பலருக்கும் ஆசை. புதுச்சேரி ஆசிரமக் காகிதத்தைப் பார்த்தால் யாருக்குத்தான் வராது? ஆனால் சொரசொரப்பான தாளில் நுண்ணிய கோடு பதியாது, மையும் பரவும். அதை அடித்தாளாக வைத்துக்கொண்டு, படத்தை வழவழப்பான தாளில் பதித்து ஒட்டுவதே சரி.

அலங்காரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. முத்து, ரிப்பன், மினுக்குப் பொடி, பூ என்று வாங்கியதையெல்லாம் ஒரே அட்டையில் ஏற்றினால் அது கல்யாண மண்டப வாசல் போலாகிவிடும். அட்டையில் பாதியாவது வெற்றாக இருக்கட்டும். விட்ட இடம்தான் படத்தைத் தூக்கிக் காட்டும்.

தமிழில் வாழ்த்துச் சொல் வேண்டுமானால் டிஜிட்டல் வழியே உத்தமம். கடையில் கிடைக்கும் ஸ்டாம்ப் செட்டுகள் எல்லாம் 'ஹேப்பி பர்த்டே'தான். தமிழ் எழுத்துகளில் சுழி அதிகம். சின்ன அளவில் ரப்பரில் வார்த்தால் ணகரமும் ழகரமும் மை அடைத்து ஒன்றாகிவிடும். கம்ப்யூட்டரில் எழுத்தளவு 18 பாயின்ட்டுக்குக் குறையாமல் அடித்து லேசரில் எடுங்கள். இல்லையென்றால் கையாலேயே எழுதுங்கள். என்னைக் கேட்டால் அதுதான் முதல் தேர்வு. கோலின் அட்டையில் கையால் எழுத இடம் விட்டது பெயருக்கு மட்டும்தான். உங்கள் அட்டையின் உள்பக்கம் முழுக்கக் காலியாக இருக்கிறது. படத்துக்கு நாலு மணி நேரம் செலவழித்துவிட்டு உள்ளே 'என்றும் அன்புடன்' என்று முடித்துக்கொள்பவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வரும்.

இரவல் என்றால் கேட்டு வாங்குவது. எடுத்துக்கொண்டு ஓடுவது இல்லை. இணையத்தில் தேடிக் கிடைத்த படமெல்லாம் நம்முடையது ஆகாது. டிஜிட்டல் படத்தை விலைக்கு வாங்கினாலும் கோப்பைத் தோழிக்கு அனுப்பும் உரிமை கூடவே வருவதில்லை. ஸ்டாம்ப் நிறுவனங்கள் பல, கையால் பதித்த அட்டைகளைச் சிறு அளவில் விற்க அனுமதிக்கின்றன. பதித்ததை நகலெடுத்து விற்க விடுவதில்லை. விற்கும் எண்ணமிருந்தால் அந்த விதியைப் படித்துவிடுங்கள். காசில்லாமல் நேர்மையாக எடுக்கவும் இடமுண்டு. பிரிட்டிஷ் லைப்ரரி 2013-ல் தன் பழைய புத்தகங்களிலிருந்து பத்து லட்சத்துக்கு மேற்பட்ட படங்களை யாரும் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்டது. நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் 2017-ல் 3,75,000 படங்களைத் தந்தது. நம் நாட்டில் ஓவியரின் மறைவுக்குப் பின் 60 ஆண்டுகள் பதிப்புரிமை. 1906-ல் மறைந்த ரவி வர்மாவின் ஓவியங்களுக்கு அது எப்போதோ முடிந்துவிட்டது.

கடைசியாகத் தபால் கணக்கு. ஏ4 தாளைப் பாதியாக வெட்டி மடித்தால் 105-க்கு 148 மில்லிமீட்டர் அட்டை கிடைக்கும். மடிப்புக் கோட்டை முதலில் மை தீர்ந்த பேனாவால் கீறிக்கொண்டால் தாள் வெடிக்காது. 300 ஜிஎஸ்எம் தாளில் அந்த அட்டை சுமார் 9 கிராம். உறை நாலைந்து கிராம். மேலே இரண்டு அடுக்கு ஒட்டி, ஸ்பாஞ்சு டேப்பும் ஒரு ரிப்பனும் சேர்த்தால் 20 கிராமைத் தொட்டுவிடும். சாதாரணக் கடிதத்துக்கு 5 ரூபாய் தபால்தலை என்பது 20 கிராம் வரைதான். தபால்தலை குறைந்தால், குறைந்த தொகையைப் போல இரண்டு மடங்கை வாங்குபவரிடம் தபால்காரர் கேட்பார். உங்கள் வாழ்த்துக்கு அவர் அபராதம் கட்ட வேண்டாம். பெட்டியில் போடும் முன் தபால் நிலையத்தில் கொடுத்து எடை பார்த்துவிடுங்கள்.